கேசரி பவுடரில் கம்பளி நூலுக்குச் சாயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக் கொடியில் மஞ்சளும் நீலமுமாக நூல் தொங்குவதைப் பார்த்துவிட்டு ஏறி வந்து விசாரித்தவர்கள் நிறைய. குரோஷா பின்னுகிறவர்கள், லேஸ் போடுகிறவர்கள், கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆட்டுக்குட்டி செய்யும் பிள்ளைகள், பக்கத்து வீட்டு மைனி என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அவற்றையும், செய்து பார்த்து எனக்குச் சரியென்று பட்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். அளவுகள் எல்லாம் 100 கிராம் நூலுக்கு.

கேசரியில் போடும் கலர் நூலில் நிற்குமா? ஒரு தடவை துவைத்தால் போய்விடாதா?

கம்பளியில் நிற்கும். கையில் ஒட்டிய கேசரி கலர் சோப்புப் போட்டும் இரண்டு நாள் போகாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோல், முடி, நகம் எல்லாவற்றிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் கம்பளியிலும் இருக்கிறது. தண்ணீரில் கொஞ்சம் அமிலம் சேர்ந்ததும் அந்தப் புரதம் நேர் மின்னேற்றம் பெறும். உணவுக் கலர்கள் பெரும்பாலும் எதிர் மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சூடு கலரை இழையின் உள்ளே வரைக்கும் கொண்டுபோகும். கம்பளி, அமிலம், சூடு மூன்றும் சேர்ந்தால் சாயம் ஏறும். ஒன்று குறைந்தாலும் வெளுத்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உணவுக் கலரைக் கம்பளிக்குப் போடுவதை ஏதோ குறுக்குவழி என்று பலர் நினைக்கிறார்கள். கேசரி பவுடரில் இருக்கும் டார்ட்ரசின் என்ற மஞ்சளை 1884-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் யோஹான் ஹைன்ரிஹ் சீக்லர் என்ற வேதியியலாளர் உருவாக்கியது துணிக்குச் சாயமாகத்தான். கம்பளிக்கும் பட்டுக்கும் போட்டுக்கொண்டிருந்த சாயம் பிறகுதான் இனிப்புக்கு வந்தது. அதனால் நாம் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. கலரை அதன் பழைய வேலைக்குத் திருப்பி அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

நம்ம ஊர்ச் சூட்டுக்குக் கம்பளி எதற்கு?

உடுத்துவதற்குக் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆடி மழையில் குளிப்பாட்டிய பிள்ளைக்கு ஒரு தொப்பி வேண்டியிருக்கிறது. குளிர் நாட்டில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் இல்லாத வீடு இந்த மாவட்டத்தில் எத்தனை இருக்கும்? அவர்களுக்கு மப்ளர் பின்னிக் கொடுக்கலாம். பொம்மை, பை, சுவரில் மாட்டும் பூவேலை என்று இன்னும் எவ்வளவோ.

ஊசிவேலை இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். முளகுமூடு கன்னியர் மடத்தில் வளர்ந்த லேஸ் வேலையும் பேர்பெற்றது. அந்தக் கைகளின் பேத்திகள்தான் இன்று குரோஷா ஊசி பிடிக்கிறார்கள். வெள்ளை நூலில் இவ்வளவு நுணுக்கம் காட்டியவர்களுக்கு நிறமும் தங்கள் கையாலேயே அமைந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

கடையில் "உல்லன்" என்று கேட்டுத்தான் வாங்கினேன். அது கம்பளிதானா?

அநேகமாக இல்லை. நம் பக்கம் ஃபேன்ஸி கடைகளில் உல்லன் நூல் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் இழை. அக்ரிலிக்கில் உணவுக் கலர் துளியும் ஏறாது. நானும் ஒரு கடையில் "சுத்த உல்லன்" என்று சொன்னதை நம்பி ஆறு உருண்டை வாங்கி வந்தேன். ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்தும் தண்ணீர் சிவப்பாகவே இருந்தது. நூல் போன வெள்ளையாகவே திரும்பி வந்தது. அன்று முழுக்க மனசு சரியில்லை.

அதற்குப் பிறகு எந்த நூலானாலும் முதலில் நெருப்பில் காட்டிப் பார்க்கிறேன். விரல் நீளத்துக்கு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்துப் பற்றவையுங்கள். கம்பளி என்றால் தயங்கித் தயங்கி எரியும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும், தலைமுடி கருகும் அதே நாற்றம் வரும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். அக்ரிலிக் உருகிச் சொட்டும். ஆறியபின் முனையில் கறுப்பாக, மிளகு போல, நசுங்காத ஒரு கட்டி நிற்கும். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு சட்டென்று எரிந்து சாம்பலாகும். உருகும் சொட்டு விரலில் பட்டால் பொத்துவிடும். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் நல்ல கம்பளி எங்கே வாங்குவது?

லேபிளில் 100 சதவீதம் கம்பளி அல்லது மெரினோ (மெல்லிய கம்பளி தரும் ஓர் ஆட்டினம்) என்று எழுதியிருப்பதை இணையத்தில் வாங்கலாம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வைக்கலாம். நம் தென்மாவட்டத்து வேம்பூர் ஆட்டுக்கும் கீழக்கரிசல் ஆட்டுக்கும் உடம்பில் முடிதான், கம்பளி கிடையாது. தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளி தரும் ஆடு என்றால் நீலகிரி இனம்தான். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் அதற்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

கம்பளியோடு நைலான் கலந்த நூல் கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம், நைலானும் இந்தச் சாயத்தை ஏற்கும். அக்ரிலிக் கலந்திருந்தால் அந்தப் பங்கு மட்டும் வெள்ளையாக நின்று நிறம் நரைத்த மாதிரி இருக்கும். "சூப்பர்வாஷ்" என்று லேபிளில் இருந்தால் அது இயந்திரத்தில் துவைத்தாலும் கட்டிப்போகாதபடி பதப்படுத்திய கம்பளி. கலரை மடமடவென்று குடிக்கும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு அதுதான் நல்லது.

எந்தக் கலரை வாங்க வேண்டும்? பொடியா, திரவமா, கேக்குக்குப் போடும் ஜெல்லா?

மூன்றும் ஆகும். நான் பொடிதான் பயன்படுத்துகிறேன். விலை குறைவு, அளவும் கைக்கு அடங்கும். ஆனால் டப்பாவின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்க எண்ணைப் பாருங்கள். இந்தியாவில் உணவுக்கு அனுமதித்த செயற்கைக் கலர்கள் எட்டே எட்டுதான். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 102 டார்ட்ரசின், எலுமிச்சை மஞ்சள். 110 சன்செட் யெல்லோ, பேர் மஞ்சள் என்றாலும் நிறம் ஆரஞ்சு. சிவப்பில் மூன்று: 122 கார்மோய்சின், 124 பான்சோ 4 ஆர், 127 எரித்ரோசின். நீலத்தில் இரண்டு: 132 இண்டிகோ கார்மைன், 133 பிரில்லியன்ட் புளூ. பச்சைக்கு 143, ஃபாஸ்ட் கிரீன். கடையில் கிடைக்கும் பச்சை பெரும்பாலும் 102-உம் 133-உம் கலந்ததுதான்.

என் அலமாரியில் எப்போதும் இருப்பவை மூன்று: 102, 122, 133. இந்த மூன்றை வைத்து ஏறக்குறைய எல்லா நிறமும் வரும். மஞ்சளில் ஒரு சிட்டிகை நீலம் விழுந்தால் தளிர் வாழை இலை. 122-உம் 133-உம் சேர்ந்தால் கத்தரிப்பூ. மூன்றும் சேர்ந்தால் பழுப்பு. கருப்பட்டி நிறத்துக்குச் சிவப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட வேண்டும். நிறம் கண்ணைக் குத்துகிறது என்று தோன்றினால் எதிர் நிறத்தில் ஒரு துளி விடுங்கள்: சிவப்புக்குப் பச்சை, ஆரஞ்சுக்கு நீலம். அடங்கிப்போகும்.

127-ஐ நான் தவிர்க்கிறேன். மற்ற கலர்களுக்கு அமிலம் துணை, எரித்ரோசினுக்கு அது ஆகாது. வினிகர் விழுந்ததும் தண்ணீரில் கரையாமல் இளஞ்சிவப்புத் தூசியாகத் திரிந்துவிடும். நூலில் பொட்டுப் பொட்டாக ஒட்டும். 132-உம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். நீலம் வேண்டுமென்றால் 133-தான்.

பஞ்சுமிட்டாய் ரோஸ் வேண்டும். கடையில் உதிரியாகக் கலர் பொடி கிடைக்கிறதே, வாங்கலாமா?

வேண்டாம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். அதில் ரோடமின் பி கலந்திருப்பது சோதனையில் தெரிந்ததுதான் காரணம். துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது, உணவில் சேரவே கூடாது. பேரும் எண்ணும் இல்லாமல் பொட்டலம் கட்டி விற்பதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சமையலறையில் செய்கிற வேலைக்கு லேபிள் உள்ள உணவுக் கலர் மட்டும் போதும். 122-ஐ மிகக் குறைவாக, 100 கிராமுக்கு இரண்டு சிட்டிகை போட்டுப் பாருங்கள். நல்ல ரோஸ் வரும்.

வினிகர்தான் வேண்டுமா? எலுமிச்சை, புளி ஆகாதா?

வெள்ளை வினிகர் சுலபம். எல்லையோரம் மலையாளம் கலந்து பேசுகிற வீடுகளில் விநாகிரி என்பார்கள், ஊறுகாய்க்கு வாங்கியது அடுக்களையில் இருக்கும். 3 லிட்டர் தண்ணீருக்கு முக்கால் டம்ளர், ஏறக்குறைய 150 மில்லி. அதைவிட எனக்குப் பிடித்தது சிட்ரிக் அமிலம், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கொடுப்பார்கள். அதே தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன். வீடு முழுக்க நெடி அடிக்காது.

எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும். ஆனால் எட்டுப் பத்துப் பழம் வேண்டும், சக்கையை நன்றாக வடிகட்ட வேண்டும், கட்டுப்படியாகாது. புளிக்குத் தன் நிறம் உண்டு. வாளன் புளி, அதாவது சாதாரணப் புளி, போட்டால் எல்லாம் பழுப்பேறும், மீன்குழம்புக்குப் போடும் குடம்புளி இன்னும் கறுக்கும். அதைக் குழம்புக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பாத்திரம்? பிறகு அதில் சமைக்கலாமா?

எவர்சில்வர் அல்லது இனாமல். அலுமினியம் அமிலத்தோடு சேர்ந்தால் அரிக்கும், வேண்டாம். சேர்ப்பது எல்லாம் உணவுப் பொருள் என்பதால் தேய்த்துக் கழுவிவிட்டுச் சமைக்கலாம். ஆனாலும் நூலில் ஆலையின் எண்ணெய்ப் பசையும் ஆட்டு வாசனையும் கொஞ்சம் இருக்கும். ஒரு பழைய பாத்திரத்தை இதற்கென்று ஒதுக்கினால் அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டாம். துணிச்சாயம் போட்ட பாத்திரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் சமையலுக்குத் திருப்பாதீர்கள்.

கிணற்றுத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா?

கடலோரக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். அந்தத் தண்ணீர் அமிலத்தின் ஒரு பங்கைத் தின்றுவிடும், நிறம் மங்கலாக வரும். வினிகரைக் கால் பங்கு கூட்டுங்கள், அல்லது மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் அதற்கு என்ன பஞ்சம்? மழைத் தண்ணீரில் வருகிற மஞ்சளின் தெளிவை நான் வேறு தண்ணீரில் பார்த்ததில்லை.

நூல் உருண்டையை அப்படியே போடலாமா?

கூடாது. வெளிச்சுற்று மட்டும் நிறமேறி உள்ளே வெள்ளையாக நிற்கும். நூலைச் சிட்டமாகச் சுற்ற வேண்டும். வடசேரியில் தறிக்காரர் வீடுகளில் கொடியில் தொங்கும் பெரிய பெரிய நூல் வளையங்களைப் பார்த்திருந்தால் அதுதான் சிட்டம். ராட்டை இல்லாவிட்டால் இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகத் தள்ளி வைத்து, அவற்றின் மேல் சுற்றுங்கள். பிறகு நான்கு இடத்தில் பருத்தி நூலால் எட்டுப் போல வளைத்துக் கட்டுங்கள். கட்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். இறுக்கினால் அந்த இடத்தில் சாயம் புகாமல் வெள்ளை வளையம் விழும். இந்தக் கட்டில் சோம்பல் பட்டால் பிறகு சிக்கெடுக்க ஒரு பகல் போகும்.

முதல் தடவை செய்கிறேன். ஆரம்பம் முதல் சொல்லுங்களேன்.

சரி, மெதுவாகப் போவோம்.

முதலில் சிட்டத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி ஷாம்பு விட்டு ஊற வையுங்கள். கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. அவை தண்ணீரை லேசில் உள்ளே விடாது. முதலில் மிதக்கும், அழுத்தினால் மேலே வரும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தானாகக் கனத்து அடியில் உட்கார்ந்திருக்கும். அதுவரை பொறுங்கள். ஊறாத நூலில் சாயம் ஒழுங்காக ஏறியதை நான் பார்த்ததில்லை.

பாத்திரத்தில் 3 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர். நடுத்தர நிறத்துக்கு அரை டீஸ்பூன் பொடியைத் தனியே ஒரு டம்ளர் வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்து, துணியில் வடிகட்டிச் சேருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பொடியில் உப்பும் சர்க்கரையும் கலந்திருக்கும் அளவு மாறும், அதனால் குறைவாகத் தொடங்குங்கள். பிறகு கூட்டலாம், குறைக்க முடியாது. நூலை லேசாகப் பிழிந்து உள்ளே விட்டு, தீயைச் சிறிதாக்குங்கள்.

இப்போது சூட்டின் பதம். தளதளவென்று கொதிக்கக் கூடாது. பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்ன முத்துகள் எழும்பி, மேலே ஆவி படர்ந்து, ஓரம் மட்டும் லேசாக நடுங்கும் நிலை, அதாவது 80 முதல் 90 டிகிரி. பால் பொங்குவதற்குச் சற்று முன்னே தீயைக் குறைப்போமே, அந்தப் பதம். சூடு அங்கே வந்ததும் நூலை ஒரு பக்கம் ஒதுக்கி, காலியான இடத்தில் வினிகரை ஊற்றிக் கலந்து, நூலைத் திரும்ப விடுங்கள்.

இனி நடப்பதைக் கூடவே நின்று பாருங்கள். தண்ணீரின் நிறம் மெல்ல மெல்ல நூலுக்குள் போகும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு கரண்டி எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினால் தெரியும்: முதலில் சர்பத், பிறகு வெளிறிய சர்பத், பிறகு அரிசி கழுவிய நீர், கடைசியில் வெறும் தண்ணீர். எத்தனை தடவை செய்தாலும் அந்தக் கடைசிக் கரண்டி எனக்குச் சந்தோஷம் தரத் தவறியதில்லை. முதல் தடவை அடுப்பில் சிவப்பாக ஆவி பறப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன மக்களே, மீன் கறியா?" என்று கேட்ட சித்திக்கு அந்தத் தட்டைக் காட்டினேன். கலர் எங்கே போச்சு என்று கரண்டியை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

தண்ணீர் தெளிய அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். தெளிந்ததும் அடுப்பை அணைத்து, மூடி வைத்து, தானாக ஆறவிடுங்கள். ராத்திரி முழுக்கக் கிடந்தாலும் நல்லதுதான். ஆறிய பிறகு, நூல் இருக்கும் அதே சூட்டில் உள்ள நல்ல தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து, நிழலில் காயப் போடுங்கள்.

சாயம் என்றால் உப்புப் போட வேண்டும் என்கிறார்களே?

அது பருத்திக்கு. பருத்திச் சாயம் வேறு வகை. அதற்கு உப்பும் சோடாவும் வேண்டும், நமக்கு அமிலம் போதும். சோடா உப்பு எதையும் கிட்டவே கொண்டுவராதீர்கள். காரம் பட்டால் ஏறிய சாயம் இறங்கும்.

நிறம் ஒரே சீராக இல்லாமல் திட்டுத் திட்டாக வருகிறது. ஏன்?

வினிகரை முதலிலேயே ஊற்றியிருப்பீர்கள். அமிலமும் சூடும் தயாராக இருக்கும் தண்ணீரில் கலர் விழுந்தால், முதலில் தொட்ட இழையிலேயே பிடித்துக்கொள்ளும். சீரான நிறம் வேண்டுமென்றால் கலர் முதலில், அமிலம் கடைசியில்.

திட்டு வேண்டும் என்று நினைத்தாலும் இதே விஷயம் கைகொடுக்கும். வினிகர்த் தண்ணீரில் ஊறிய நூலைச் சூடான பாத்திரத்தில் பரத்தி, மேலே பொடியை ஒரு சிட்டிகை தூவுங்கள். மைனாவின் முட்டையில் இல்லாத புள்ளிகள் இதில் விழும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், பொடி பறக்கும்.

ஒரே நூலில் நான்கைந்து நிறம் வரவேண்டும். எப்படி?

இட்லிப் பானையில். வினிகர்த் தண்ணீரில் ஊறிய சிட்டத்தைப் பிழிந்து பிளாஸ்டிக் விரிப்பில் வட்டமாக வையுங்கள். கலரைச் சின்னக் கிண்ணங்களில் கரைத்து, கரண்டியால் பகுதி பகுதியாக ஊற்றி, கையுறையோடு அழுத்துங்கள். அடிப்பக்கம் புரட்டிப் பாருங்கள், அங்கே வெள்ளை தங்கியிருக்கும். பிறகு சூடு தாங்கும் உணவுத்தர பிளாஸ்டிக் தாளில் ஒவ்வொரு பகுதியும் மற்றதைத் தொடாதபடி சுற்றி, நத்தை ஓடு போலச் சுருட்டி, இட்லித் தட்டின் மேல் வைத்து 30 முதல் 40 நிமிடம் ஆவியில் விடுங்கள். பானையில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியே ஆறிய பின்தான் பிரிக்க வேண்டும்.

பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் நிறங்களைக் கவனியுங்கள். மஞ்சளும் நீலமும் தொட்டால் நடுவில் பச்சை, அழகு. ஆரஞ்சும் நீலமும் தொட்டால் சேறு. தோவாளைப் பூச்சந்தைக்கு ஒரு நாள் காலையில் போய், எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். அரளியின் ரோஸுக்குப் பக்கத்தில் மரிக்கொழுந்துப் பச்சை வைக்கும் தைரியம் அங்கிருந்து வந்ததுதான்.

அடுப்பு இல்லாமல், வெயிலில் செய்ய முடியுமா?

மாசி, பங்குனியில் முடியும். கண்ணாடிப் பாட்டிலில் நூல், கலர், வினிகர்த் தண்ணீர் எல்லாம் போட்டு மூடி, மொட்டை மாடியில் மூன்று நான்கு நாள் வையுங்கள். மெல்லிய நிறங்களுக்குச் சரி. அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் அடுப்புதான். பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்வதற்கு வெயில் பாட்டில் நல்ல வழி.

நூல் சுருங்கிக் கட்டியாகிவிட்டது. சரி செய்ய முடியுமா?

முடியாது. நான் கெடுத்த முதல் சிட்டமும் இப்படித்தான் போனது. கேசரி கிண்டுவதுபோலக் கரண்டியால் சுற்றிச் சுற்றிக் கிண்டினேன், பிறகு சூடாக இருந்த நூலை எடுத்துக் குழாயடியில் குளிர்ந்த தண்ணீரில் பிடித்தேன். கையில் இருந்தது நூலாகவே இல்லை, தேங்காய் நாரைத் திரித்த கயிறு போல விறைத்துப்போனது. சூட்டில் கம்பளியின் செதில்கள் திறந்திருக்கும். அப்போது உரசினாலோ திடீரென்று குளிர்ந்தாலோ ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது. கிண்டாதீர்கள், மெல்லப் புரட்டுங்கள். சூட்டை மாற்றுவதென்றால் ஏற்றுவதும் இறக்குவதும் படிப்படியாக இருக்கட்டும். கட்டிப்போன நூலை நான் எறியவில்லை, வெட்டி டம்ளர் வைக்கும் வட்டங்களாகத் தைத்துக்கொண்டேன்.

கத்தரிப்பூ நிறம் போட்டேன். நூல் சிவந்துவிட்டது, நீலம் தண்ணீரிலேயே நிற்கிறது.

கலவைக் கலர்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஏறாது. சிவப்பு முந்தும், நீலம் பிந்தும். அவசரப்பட்டு எடுத்துவிட்டால் நீங்கள் சொல்வதுபோல ஆகும். இன்னும் இரண்டு ஸ்பூன் வினிகர் விட்டு, சூட்டை அதே பதத்தில் இன்னும் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். நீலமும் வந்து சேரும். அப்படியும் தண்ணீர் தெளியாவிட்டால் கலர் கூடிவிட்டது. நூல் தன்னால் முடிந்ததைக் குடித்துவிட்டது. மிச்சத்தில் இன்னொரு சிறிய சிட்டத்தை விட்டு வெளிர்நிறம் எடுக்கலாம்.

கறுப்பு?

உணவுக் கலரில் நல்ல கறுப்பு வராது. கறுப்பு என்று விற்பதும் கலவைதான், நூலில் ஏறும்போது பிரிந்து பச்சையும் ஊதாவுமாகத் தெரியும். கறுப்பு வேண்டுமானால் கறுப்பாகவே நூல் வாங்குங்கள்.

மஞ்சள், பீட்ரூட் போன்ற இயற்கைப் பொருளில் செய்தால் இன்னும் நல்லதல்லவா?

மஞ்சள் கம்பளியில் அருமையாக ஏறும், ஆனால் வெயில் பட்டால் வாரக்கணக்கில் வெளுக்கும். சோப்புப் பட்டால் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு விட்டதும் சிவக்கிறதே, அதே விஷயம். பீட்ரூட் கண்ணுக்கு அழகு காட்டிவிட்டுக் கழுவும்போது போய்விடும். வெங்காயத் தோலும் படிகாரமும் நன்றாக நிற்கும், அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

பருத்தி, பட்டு, வாழை நார்?

பட்டு ஏற்கும். அதுவும் புரதம்தான். சூட்டை 80 டிகிரிக்கு மேல் விடாதீர்கள், மினுமினுப்புப் போய்விடும். பருத்தி, வாழை நார், கயிறு, பனை ஓலை எல்லாம் செடியின் நார். இந்தச் சாயம் அவற்றில் தங்காது.

நிறம் எவ்வளவு நாள் நிற்கும்? எப்படித் துவைப்பது?

துவைப்பதில் பயமில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தை ஷாம்பு அல்லது பட்டுப் புடவைக்குப் போடும் பூந்திக்கொட்டை. சலவைப் பவுடர் வேண்டாம், அதில் காரம் இருக்கிறது. வெயிலுக்குத்தான் இந்தக் கலர்கள் அஞ்சும். ஜன்னலில் மாட்டும் பொருளுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அலமாரியில் மடித்து வைத்து எப்போதாவது எடுக்கும் தொப்பி பல வருஷம் அப்படியே இருக்கும்.

மழைக்காலத்தில் காயவே இல்லை. பூஞ்சை பிடிக்குமா?

ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று நாள் ஆகும். துண்டில் இரண்டு முறை அழுத்தி எடுத்து, மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போடுங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்தால் கட்டாயம் பூஞ்சைதான். காய்ந்த நூலைக் காய்ந்த வேப்பிலையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மாதம் ஒரு முறை திறந்து உதறுங்கள், கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சிக்கு வெளிச்சமும் அசைவும் ஆகாது.

குழந்தை தொப்பியை வாயில் வைத்துக் கடித்தால்?

அலசும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசியிருந்தால் கலர் இழையைவிட்டு எளிதில் வராது. ஆனாலும் டார்ட்ரசின் சிலருக்கு ஒவ்வாமை தரும். பல் முளைக்கிற, எதையும் சப்புகிற வயதுப் பிள்ளைக்கு வெள்ளை நூலிலேயே பின்னிக் கொடுத்துவிடுவேன்.

மிச்சத் தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றலாமா?

தெளிந்து ஆறிய தண்ணீரை இன்னொரு வாளித் தண்ணீர் கலந்து எப்போதாவது ஊற்றினால் தென்னைக்கு ஒன்றும் ஆகாது. தொட்டிச் செடிக்கு வேண்டாம்.

போன தடவை வந்த அதே நிறம் மறுபடி வரவில்லையே?

எழுதி வைக்கவில்லை என்றால் வராது. நூலின் எடை, கலரின் எண், எத்தனை டீஸ்பூன், எந்தத் தண்ணீர், எவ்வளவு நேரம் என்று நான் பழைய கல்யாணக் கார்டின் பின்பக்கத்தில் எழுதி, ஓரத்தில் ஓட்டை போட்டு, அந்த நூலில் ஒரு முழம் கட்டி வைக்கிறேன். ஒரு பெரிய பின்னலுக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் போட்டுவிடுவது இன்னும் நல்லது. பாதியில் நூல் தீர்ந்து, கார்டைப் பார்த்துத் திரும்பப் போட்டாலும் அதே மஞ்சள் இம்மி பிசகாமல் வராது. அப்படி ஆனால் பழைய நூலில் இரண்டு வரி, புதிய நூலில் இரண்டு வரி என்று மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டு போங்கள், சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாது.